ஊன்றாத கால்

மார்ச் 4

உங்களுக்கு,

வீட்டில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. ஒரு காரியமாக எழுதுகிறேன். உங்கள் பைக்கின் ஆர்.சி. புத்தகத்தை எங்கே வைத்துவிட்டுப் போனீர்கள்? பீரோவில் உங்கள் பக்கத்தை முழுக்கக் கொட்டிப் பார்த்துவிட்டேன். மூன்று பழைய பெல்ட்டும் ஓடாத கடிகாரம் ஒன்றும்தான் கிடைத்தன.

எங்கள் லேபுக்கு இனி நோயாளிகள் வர வேண்டியதில்லையாம். நாங்கள்தான் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டுமாம். மே மாதம் பிறப்பதற்குள் லைசென்ஸ் எடுக்காதவர்களுக்குப் பதில் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். பதினாறு வருஷமாக, கிடைக்காத நரம்பையெல்லாம் தேடிப் பிடித்து ஊசி போட்டவள் நான். இப்போது என்னிடம் கேட்பது வண்டி ஓட்டத் தெரியுமா என்று.

பழகுநர் உரிமம் வாங்கிவிட்டேன். மெக்கானிக் வந்து பேட்டரி மாற்றிக் கொடுத்தார். மூடிக் கிடக்கும் ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் சிமென்ட் தரை இருக்கிறதல்லவா, காலையில் வேலைக்குப் போவதற்கு முன் அங்கே தள்ளிக்கொண்டு போய்ப் பழகுகிறேன். ஓடுகிற வேகத்தில் போனால் பயமில்லை. மெதுவாகப் போவதுதான் வரவில்லை. டெஸ்டில் எட்டு போடச் சொல்வார்கள், நடக்கிற வேகத்தில் கோட்டுக்குள் ஓட்டச் சொல்வார்கள். உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள்.

போன் பண்ணாதீர்கள். நீங்கள் சிக்னலுக்காகக் குன்று ஏறி வந்து மூச்சு வாங்குவதைக் கேட்டாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. ஸ்கூட்டர் வாங்கு என்றும் எழுதாதீர்கள். இருக்கிற வண்டி பதினாலு மாதமாகச் சும்மா நிற்கிறது.

வீட்டிலிருந்து.


மார்ச் 13

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ரத்தம் எடுக்கிறவளுக்கு நான் வைத்த பெயரை இன்னும் வெறுக்கிறாயா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்படியே எழுதிவிட்டேன். ஆர்.சி. புத்தகம் சமையலறை மேல் தட்டில், மிக்சி வந்த அட்டைப் பெட்டிக்குள். ஏன் அங்கே என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

இங்கே ஒரு தகரக் கொட்டகையில் எட்டுப் பேர். சுரங்கத்துக்குள் இயந்திரச் சத்தத்தில் பேச முடியாது. வெளியே வந்தால் பேச ஒன்றும் மிச்சமில்லை, எல்லோர் கதையும் எல்லோருக்கும் தெரியும். நேற்று முழுக்க நான் பேசியது நாலு வார்த்தை. அதில் இரண்டு, உப்பு கொடு. வெள்ளிக்கிழமை சாமான் லாரியில் தபால் வரும். பதினாலு மாதத்தில் எனக்கென்று வந்த முதல் கவர் உன்னுடையது. மேஸ்திரி அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். கிளட்சை முழுதாக விடாதே. பாதி விட்டதும் வண்டி லேசாக இழுக்கும் பார், அங்கே விரலை நிறுத்து. மெதுவாக ஓட்டுவது முழுக்க அந்த ஒரு அங்குலத்தில்தான் இருக்கிறது. ஆக்சிலேட்டரை ஒரே அளவில் பிடி, கூட்டிக் குறைக்காதே. வேகம் அதிகமானால் பின் பிரேக்கைக் காலால் கொஞ்சமாக மிதி. அந்த மிதியிலேயே வண்டி நிமிர்ந்து நிற்கும். திரும்பும்போது கண்ணைச் சக்கரத்தில் வைக்காதே. எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே பார், கழுத்து வலிக்கிற அளவுக்குத் திரும்பிப் பார். வண்டி சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் உடம்பை வை. இரண்டு தண்ணீர் பாட்டிலை நட்டு அதைச் சுற்று. முதலில் பெரிய வட்டம், பிறகு தினம் ஒரு அடி குறைத்துக்கொண்டே வா.

ஆனாலும் அந்த வண்டி உனக்குக் கனம். ஸ்கூட்டர் என்று எழுதக் கூடாது என்றாய், எழுதவில்லை. நினைத்துக்கொள்கிறேன்.

பதில் போடு. ஒரு வரியாவது.

உன் சுரங்கத்தான்.


மார்ச் 22

உங்களுக்கு,

ஆர்.சி. கிடைத்தது. கிளட்ச் விஷயம் நீங்கள் எழுதியபடிதான். நாலு நாளில் விரலுக்கு அந்த இடம் பிடிபட்டுவிட்டது. நேர்க்கோட்டில் இப்போது ஆமை வேகத்தில் போகிறேன். நடந்து போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்க்கிறார்கள்.

திரும்பும்போது மட்டும் விழுகிறேன். இதுவரை ஏழு தடவை. முழங்கை உரிந்துவிட்டது, இடது முட்டி வீங்கியிருக்கிறது. லேபில் மாடிப்படி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஒரே வாரத்தில் மூன்று மாடிப்படியா என்று மேனேஜர் கேட்டார்.

ஐஸ் பாக்டரி நிழலில் ஒரு பெண் காலையில் தன் ஸ்கூட்டரை நிறுத்தி, அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பார்சல்களைத் தெருவாரியாகப் பிரிப்பாள். பார்சல்காரி என்றுதான் வைத்திருக்கிறேன், பெயர் கேட்கவில்லை. நான் விழுந்தால் வந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். ஏழாவது தடவை அவளால் வாயை அடக்க முடியவில்லை.

“அக்கா, வண்டி சாஞ்சா கால ஊனணும். நீங்க எதுக்கு அத தூக்கி வெச்சிக்கிட்டே விழறீங்க?”

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மற்றவர்களுக்கு வண்டி சாய்ந்தால் கால் தானாகக் கீழே போகுமாம். எனக்குக் கால் மேலேதான் ஒட்டிக்கொள்கிறது.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். நாம் அதைப் பற்றிப் பேசியதில்லை, எழுதவாவது செய்கிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் செக்கப் முடிந்து வந்துகொண்டிருந்தோம். எனக்கு ஐந்தாம் மாதம். சந்திலிருந்து நம் வீட்டு கேட்டுக்குள் திரும்பும்போது வண்டி சாய்ந்தது. நான் அடியில் கிடந்தேன். அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என் அண்ணனிடம் சொன்னதைக் கட்டிலில் கிடந்தபடி கேட்டேன். அவள் காலை ஊன்றிவிட்டாள், அதில்தான் பாலன்ஸ் போயிற்று என்றீர்கள். பிறகு அத்தை அதைச் சொன்னார்கள், என் அண்ணி சொன்னாள், பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். யாரும் திட்டவில்லை. பாவம், தெரியாமல் செய்துவிட்டாள் என்றார்கள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு உங்கள் பின்னால் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் காலைக் கீழே விட்டதில்லை. இப்போது முன்னால் உட்கார்ந்தும் அதே பழக்கம். பார்சல்காரியிடம் பழக்கம் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டிலிருந்து.


ஏப்ரல் 2

அன்புள்ள கொசுவுக்கு,

முட்டிக்கு ஐஸ் ஒத்தடம் கொடு. இரண்டு நாள் வண்டியைத் தொடாதே.

அந்தப் பேச்சை ஏன் இப்போது எடுக்கிறாய். அன்றைக்குச் சந்தில் மணலும் கொட்டிக் கிடந்தது. எது எப்படி ஆயிற்று என்று யாரால் சொல்ல முடியும். நடந்தது நடந்துவிட்டது. கிளறினால் இரண்டு பேருக்கும்தான் வலி.

நான் சொல்வதைக் கேள். டெஸ்டுக்கு எட்டு மட்டும் போதும், அதை அகலமாகவே போடலாம். ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்புவது, சந்துக்குள் திருப்புவது, கேட்டுக்குள் திருப்புவது இதெல்லாம் உனக்கு வேண்டாம். வீட்டு வாசலில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போ. அதில் ஒன்றும் கேவலமில்லை.

வேலை போனால் போகட்டும். மேஸ்திரியிடம் சொல்லி இங்கே குடும்பக் கொட்டகை கேட்கலாம் என்று பார்க்கிறேன். எப்போது கிடைக்கும் என்று தெரியாது.

தலைவலி. இத்துடன் நிறுத்துகிறேன்.


ஏப்ரல் 11

உங்களுக்கு,

கொசு என்று எழுதாதீர்கள். முன்பெல்லாம் அது செல்லக் கோபம். இப்போது நிஜமாகவே சொல்கிறேன்.

ஹேண்டிலை முழுக்க ஒடித்துத் திருப்பாதே என்று எழுதியிருந்தீர்கள். பயப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். அதையும் பழகிக் காட்டலாம் என்று செவ்வாய்க்கிழமை வலது பக்கமாகச் சின்ன வட்டம் போட்டேன். நன்றாகத்தான் போனது. ஒரு நாய் குறுக்கே வந்தது. கை போய் முன் பிரேக்கைப் பிடித்தது. அவ்வளவுதான்.

மற்ற ஏழு தடவை வண்டி யோசித்து யோசித்துத்தான் விழுந்தது. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை, காலுக்கடியில் இருந்து பாயை உருவியதுபோல் போய்விட்டது. எனக்கு அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் அந்த விழுதல் எனக்குத் தெரிந்த விழுதல். அதே வலது பக்கம். அதே மாதிரி முன்பக்கம் ஒரு முறை குனிந்துவிட்டுச் சாய்ந்தது. அன்றைக்கும் நான் உங்கள் முதுகில் போய் மோதிய பிறகுதான் கீழே விழுந்தேன். கால் ஊன்றி வண்டி சாய்ந்திருந்தால் முதுகில் ஏன் மோதப் போகிறேன்?

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பார்சல்காரியிடம், என் பின்னால் ஏறி உட்கார், நான் திருப்பும்போது வேண்டுமென்றே காலைத் தரையில் ஊன்று என்றேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்தாள். இரண்டு பேர் தலைக்கவசத்தையும் இறுக்கிவிட்டு ஏறினாள். நாலு தடவை ஊன்றினாள். அவள் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். வண்டி ஆடியது, நிமிர்ந்தது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு அவளை இறக்கிவிட்டு, ஒரு காலைத் தயாராகக் கீழே வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் அதே திருப்பத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். மூன்று தடவை. மூன்று தடவையும் வண்டி படுத்துவிட்டது. ஆனால் இந்த மூன்று தடவையும் நான் காலை ஊன்றி நின்றேன்.

உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். கிளட்ச், ஆக்சிலேட்டர், பின் பிரேக், கண், கழுத்து, உடம்பு, தண்ணீர் பாட்டில் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடக் கூடாது என்று ஒரு வரி இல்லை. மெதுவாக ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதுதான் என்று பார்சல்காரி சொல்கிறாள்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் முன் பிரேக்கைப் பிடித்தீர்களா? பிடித்தது உங்களுக்குத் தெரியுமா?

மணலைப் பற்றி எழுதாதீர்கள்.


ஏப்ரல் 19

உனக்கு,

பிடித்தேன். தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் தன் கேட்டைச் சட்டென்று திறந்தார். கை தானாகப் போய்ப் பிடித்துவிட்டது. பிடித்த கணமே தப்பு என்று தெரிந்தது. விட நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் உன் அண்ணன் என் சட்டையைப் பிடித்து, “எப்படிடா விழுந்தா, எப்படி ஓட்டின?” என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாயில் முதலில் வந்தது அதுதான். உன் கால் மேல் போட்டுவிட்டேன். மறுநாள் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீயே என்னிடம், நான் காலை ஊன்றிவிட்டேனா என்று கேட்டாய். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பேசாமல் உன் தலையைத் தடவிக் கொடுத்தேன். அது இன்னும் பெரிய பொய். பிறகு ஊரே சொல்லத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த நாளில் எடுத்துச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு சிக்னலிலும் திரும்பிப் பார்த்தால் உன் கால் தெரியும். வண்டி நின்ற பிறகும் நீ அதை இறுக்கி வைத்திருப்பாய். ஒரு நாள் சந்தையில் இறங்கச் சொன்னேன். இறங்கலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டு இறங்கினாய். அதற்கு மேல் என்னால் உன்னை ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை. இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்றதும் ஓடி வந்துவிட்டேன். சம்பளத்துக்காக என்று உன்னிடம் சொன்னதும் பொய்தான்.

நீ வண்டி பழகப் போகிறேன் என்று எழுதியபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு பயம். முன் பிரேக் பற்றி எழுத மூன்று தடவை பேனாவை எடுத்தேன். எழுதினால் உனக்கு உடனே புரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன். அதனால்தான் நீ செவ்வாய்க்கிழமை விழுந்தாய். அதுவும் என் கணக்குதான்.

எனக்கு இருபத்தேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் விடுப்பு. வரட்டுமா? நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.


ஏப்ரல் 25

உங்களுக்கு,

வர வேண்டாம்.

கடிதத்தைக் காலையில் தபால்காரர் கொடுத்தார். படித்துவிட்டு வேலைக்குப் போனேன். பதினோரு பேருக்கு ரத்தம் எடுத்தேன், ஒருவருக்கும் இரண்டாவது தடவை குத்தவில்லை. மதியம் ஸ்டோர் ரூமில் குழாய்ப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்கிறவள் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

வருவதற்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. என்னிடம் சொல்லியாயிற்று, சரி. என் அண்ணனுக்கும் அத்தைக்கும் நீங்களே எழுதுங்கள். நான் சொன்னால் புருஷன் மேல் கோள் சொல்கிறாள் என்பார்கள். ஒன்பது வருஷம் பொறுத்துவிட்டு இப்போது என்ன என்பார்கள். நீங்கள் சொன்னதுதான் பரவியது. அதனால் நீங்கள்தான் திருப்பி எடுக்க வேண்டும்.

நாளை மறுநாள் டெஸ்ட். கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.


மே 15

உனக்கு,

இரண்டு பேருக்கும் எழுதிவிட்டேன். மணல், எதிர்வீட்டு கேட் எதையும் சாக்குச் சொல்லவில்லை. நான் பிரேக்கைப் பிடித்தேன், அவள் காலை ஊன்றவில்லை, நான் பொய் சொன்னேன். மூன்றே வரி. அம்மாவுக்கு எழுதுவதற்குத்தான் நாலு நாள் ஆயிற்று.

உன் அண்ணன் பதில் போடவில்லை. அம்மா ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டாள். நான் எடுத்ததும் அழுதுவிட்டு வைத்துவிட்டாள்.

விடுப்பை எடுக்கவில்லை. டெஸ்ட் என்ன ஆயிற்று?


மே 24

உங்களுக்கு,

பாஸ். இன்ஸ்பெக்டர் எட்டை இரண்டு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவை நானாகப் போட்டேன். போதும்மா, இறங்கு என்றார். இப்போது தினமும் பதினைந்து வீடு போகிறேன். ரத்தம் அதிகம் குலுங்கக் கூடாது என்பதால் மேடு பள்ளத்தில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். மற்றவர்கள் அதற்குத்தான் கஷ்டப்படுகிறார்கள், நான் இல்லை. கேட்டுக்குள்ளும் வண்டியில் இருந்தபடியேதான் திரும்புகிறேன்.

அத்தை வந்தார்கள். என் காலைப் பிடிக்கக் குனிந்தார்கள், நான் விடவில்லை. அண்ணன் வந்து வாசலோடு நின்றான். உள்ளே வா என்றேன். “எந்த மூஞ்ச வெச்சிக்கிட்டு வர்றது?” என்று கேட்டான். காபி குடிக்காமலே போய்விட்டான். அண்ணி தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்கிறாள். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். பழி நீங்கிவிட்டது, இனி நிம்மதியாக இரு என்கிறார்கள்.

நிம்மதி இல்லை. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், வேறு யாருக்கும் சொல்லவில்லை. இந்த ஒன்பது வருஷமும் காலையில் தலை வாரும்போது நான் அந்தக் குழந்தையிடம் பேசுவேன். பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா தெரியாமல் காலை ஊன்றிவிட்டேன், மன்னித்துவிடு என்று மட்டும். தினமும் அதுதான். ஒரு நாளும் தவறியதில்லை, காய்ச்சலில் கிடந்தபோதும். நீங்கள் ஒப்புக்கொண்ட கடிதம் வந்த மறுநாள் சீப்பை எடுத்தேன், வாயைத் திறந்தேன், சொல்ல ஒன்றுமில்லை. நான் ஊன்றவே இல்லையே. வேறு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அதற்கும் இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

தப்பு என் மேல் இருந்தவரைக்கும் அது என்கூட இருந்தது. இப்போது போய்விட்டது. இதைச் சொன்னால் அண்ணிக்குப் புரியாது, அத்தைக்குப் புரியாது. அந்தக் குழந்தை இருந்தது என்பதை நினைத்துக்கொண்டே இருக்கும் ஆள் இந்த உலகத்தில் என்னைத் தவிர நீங்கள் ஒருவர்தான். இதைச் சொல்லவும் எனக்கு உங்களை விட்டால் ஆள் இல்லை. அதை நினைத்தால்தான் உங்கள் மேல் எனக்கு அதிக ஆத்திரம் வருகிறது, பிரேக்கை நினைத்து அல்ல.

அடுத்த விடுப்பு எப்போது என்று எழுதுங்கள். வாருங்கள் என்று சொல்லவில்லை. எப்போது என்றுதான் கேட்கிறேன்.